இரு காவலரும் ஒரு களஞ்சியமும்

கொழும்பு மாநகரிலே, காலி வீதிக்கும் கடலுக்கும் இடையே வரிசையாகக் கிடக்கும் வெள்ளவத்தை ஒழுங்கைகளிலும், வடக்கே துறைமுகத்தை அடுத்த கொட்டாஞ்சேனைத் தெருக்களிலும், பழைய பெட்டகங்கள் பல இன்று திறக்கப்படுகின்றன. பாட்டனார் பெயரில் எழுதப்பெற்ற காணி உறுதி, திருமணப் பதிவு, கோயில் விழா மலர், பாடசாலைச் சஞ்சிகை, என்றோ நின்றுபோன பத்திரிகையொன்றின் மஞ்சள் நிறமடைந்த இதழ்கள் என்பன அவற்றிலிருந்து வெளிவருகின்றன. பிள்ளைகளோ இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்கின்றார்கள். ஒரு தாளை எல்லோருக்கும் பங்கிடல் இயலாது. ஆகவே அத்தாள்கள் ஒவ்வொன்றாக வருடியின் கண்ணாடிமேல் வைக்கப்பட்டுக் கணினியின் வன்தட்டுக்குள் புகுகின்றன.

இவ்வேலையின் பின்னே ஒரு துயர நினைவும் உண்டு. 1981ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் நாள் இரவு தொடங்கிய கொடுமையிலே யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. ஈராண்டு கழித்து, 1983 யூலையில், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் தமிழர் வீடுகளும் கடைகளும் தீக்கிரையாயின. வீடு எரிந்தபோது வீட்டிலிருந்த ஏடும் நூலும் புகைப்படமும் உடன் எரிந்தன. இவ்விழப்புகளை மறவாதார் பலர். ஈழத்துத் தமிழ் நூல்களையும் இதழ்களையும் மின்வடிவிலே தொகுத்து உலகினர் யாவரும் இலவசமாகப் படிக்கும்படி வைக்கும் நூலகம் என்னும் திட்டம் 2005ஆம் ஆண்டிலே தன்னார்வலர் முயற்சியாகத் தொடங்கியமைக்கும் இந்நினைவு ஒரு காரணம் என்பது மிகையாகாது.

தாளிலிருந்து தட்டுக்கு வந்துவிட்டால் அச்சம் தீர்ந்தது என்று மக்கள் எண்ணுகின்றனர். ஆனால், தட்டுக்கும் தனக்கென ஒரு தீ உண்டு. அத்தீக்குப் புகை இல்லை, ஓசையும் இல்லை. நூலகம் எரிந்தால் ஊர் அறியும். வன்தட்டிலே ஒரு பக்கம் அழிந்தால் அதனை மீண்டும் திறக்கும் நாள்வரையில் ஒருவரும் அறியார். பத்தாண்டு கழித்து ஒருவர் திறந்து பார்க்கும்போது, படத்தின் பாதி சாம்பல் நிறப் பட்டையாக நிற்கும். மூலத் தாள் அதற்கிடையில் கறையானுக்கு இரையாகியிருக்கும்.

இவ்வமைதியான அழிவைத் தடுக்கும் பொருட்டு இரண்டு வகைக் காவலர்கள் இன்று உளர். ஒன்று, வன்தட்டுகளை ஆளும் கட்டுப்பாட்டு அட்டை, இது வன்பொருள். மற்றது, சேமிப்பு முழுவதையும் தானே ஆளும் கோப்பு முறைமை, இது மென்பொருள். இரண்டும் நல்ல காவலே. ஆயினும் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்தால் காவல் இருமடங்காகும் என்று கருதிப் பணம் செலவிடுவோர் பலர் உளர். அக்கருத்து எவ்வளவு தூரம் பொருந்தும் என்பதே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலில் வன்தட்டின் குற்றங்களை நோக்குக. தட்டு இருவகையாகக் கெடும். ஒன்று, அது இறந்துபோதல். இறந்த தட்டு பேசாது. ஆகவே கேடு உடனே தெரியும். மற்றது, அது பொய் சொல்லுதல். கேட்ட பக்கத்தைக் கொடுத்துவிட்டு, இதுவே நீ எழுதியது என்று அது சாதிக்கும். ஆனால் உள்ளே சில எழுத்துகள் மாறியிருக்கும். சில வேளைகளில் எழுதச் சொன்ன இடத்தை விட்டு வேறிடத்தில் எழுதிவிடும். சில வேளைகளில் எழுதாமலே எழுதிவிட்டதாகக் கூறும். இவை அரியனவாயினும் கற்பனை அல்ல. அமெரிக்காவின் விஸ்கொன்சின் பல்கலைக்கழக ஆய்வாளரும் நெற்அப் என்னும் சேமிப்பு நிறுவனத்தாரும் சேர்ந்து 2008ஆம் ஆண்டில் ஓர் ஆய்வை வெளியிட்டனர். 15 இலட்சத்து 30 ஆயிரம் வன்தட்டுகளை 41 மாதங்கள் அவதானித்ததில், எழுதியதும் படித்ததும் ஒவ்வாத நிலை 4 இலட்சத்துக்கு மேற்பட்ட தடவைகளிற் கண்டறியப்பட்டது. ஒரு வீட்டிலுள்ள ஒரு தட்டுக்கு இது நேரும் வாய்ப்புச் சிறிது. ஆனால் ஒரு சமூகத்தின் ஏடுகள் யாவும் ஓரிடத்தில் இருபது, முப்பது ஆண்டுகள் கிடக்கவேண்டுமாயின் அச்சிறிய வாய்ப்பு சிறியதாக நில்லாது.

இறந்துபோகும் தட்டுக்கு மருந்து முன்னரே கண்டறியப்பட்டது. 1988ஆம் ஆண்டில், கலிபோர்ணியாவின் பேர்க்கிலிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பற்றர்சன், கார்த் கிப்சன், ரண்டி காற்ஸ் என்னும் மூவர் ஒரு கட்டுரை எழுதினர். விலை மிகுந்த பெருந்தட்டு ஒன்றுக்குப் பதிலாக, மலிவான சிறு தட்டுகள் பலவற்றை அணிவகுத்து நிறுத்தி, ஒன்று வீழ்ந்தாலும் மற்றவை அதன் பொருளை மீட்டுத் தரும்படி செய்யலாம் என்பது அவர்கள் கூற்று. அம்முறைக்கு றெயிட் என்று பெயர் வழங்கிற்று.

அதன் தத்துவம் நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் விளங்கும். ஒரு தட்டில் 5 என்றும், இன்னொரு தட்டில் 7 என்றும் எழுதுக. மூன்றாம் தட்டில் அவற்றின் கூட்டுத்தொகையாகிய 12ஐ எழுதுக. இரண்டாம் தட்டு இறந்துவிட்டது என்று கொள்க. 12இலிருந்து 5ஐக் கழித்தால் 7 மீண்டும் பிறக்கின்றது. உண்மையில் நிகழும் கணக்கு இதனின் வேறான ஈரெண் கணக்கு. ஆயினும் கருத்து இதுவே. அக்காலக் கணினியின் மூளைக்கு இக்கணக்கை ஓயாமற் செய்வது பெருஞ்சுமை. எனவே, தனக்கெனச் சிறு மூளையும் நினைவகமும் உடைய ஓர் அட்டை இவ்வேலைக்கென்றே செய்யப்பட்டது. அட்டைக்குப் பின்னே ஆறு தட்டுகள் இருந்தாலும், கணினிக்கு அது ஒரே பெருந்தட்டு என்று காட்டும். உள்ளே நடப்பதைக் கணினி அறியவேண்டியதில்லை. இம்மறைப்பு அன்று ஒரு சிறப்பாகவே கருதப்பட்டது.

ஆனால் பொய் சொல்லும் தட்டுக்கு இம்மருந்து போதாது. 5, 7, 12 என்று எழுதியவை ஒருநாள் 5, 8, 12 என்று வந்தால் யாது செய்வது? தட்டு எதுவும் இறக்கவில்லை, மூன்றும் பேசுகின்றன. கணக்கு ஒவ்வவில்லை. பொய் சொன்னது முதலாவதா, இரண்டாவதா, கூட்டுத்தொகையா? அட்டையினாற் சொல்ல முடியாது. அதனினும் முக்கியமான செய்தி ஒன்று உண்டு. அன்றாடப் படிப்பின்போது பெரும்பாலான அட்டைகள் கூட்டுத்தொகையைப் பார்ப்பதே இல்லை. 8 என்று வந்தால் 8 என்றே கொடுத்துவிடும்.

இவ்விடத்தில் இரண்டாம் காவலர் வருகின்றார். சன் மைக்குரோசிஸ்ரம்ஸ் என்னும் அமெரிக்க நிறுவனத்தில் ஜெப் பொன்விக், மத்தியூ ஆரென்ஸ் ஆகியோர் 2001ஆம் ஆண்டிலே புதிய கோப்பு முறைமை ஒன்றை ஆக்கத் தொடங்கினர். 2005ஆம் ஆண்டில் அது வெளிவந்தது. இசட்.எப்.எஸ். என்பது அதன் பெயர். சன் நிறுவனத்தை ஒறக்கிள் நிறுவனம் 2010இல் வாங்கியது. அதன் பின் திறந்த மூல வடிவத்தைப் பலர் கூடிப் பேணலாயினர். 2013 முதல் அம்முயற்சி ஓப்பன் இசட்.எப்.எஸ். என்னும் பெயரில் நடைபெறுகின்றது. லினக்ஸ் கணினியிலும் பிறவற்றிலும் அதனை எவரும் விலையின்றிப் பெற்று நிறுவலாம்.

இக்கோப்பு முறைமையின் சிறப்பு யாது? எழுதப்படும் ஒவ்வொரு துண்டுக்கும் ஓர் அடையாள எண்ணை அது கணிக்கின்றது. துண்டிலே ஓரெழுத்து மாறினாலும் அவ்வெண் மாறிவிடும். அவ்வெண்ணைத் துண்டுக்குப் பக்கத்தில் எழுதாமல், துண்டு இருக்கும் இடத்தைக் குறிக்கும் மேற்பதிவிலே எழுதுகின்றது. அம்மேற்பதிவுக்கும் அதற்கு மேலுள்ள பதிவிலே அடையாள எண் உண்டு. இவ்வாறு உச்சிவரைக்கும் செல்லும். படிக்கும்போதெல்லாம் எண்ணை மீளக் கணித்து ஒப்பிடும். ஒவ்வாவிடின், இப்பிரதி பொய் என்று உறுதியாக அறியும். மறு பிரதியைத் தேடி எடுக்கும். அது சரியாயின் அதனைப் படிப்பவருக்குக் கொடுப்பதோடு, கெட்ட பிரதியையும் திருத்தி எழுதும். 5, 8, 12 என்று வந்தால், 8க்கு உரிய அடையாளம் ஏட்டில் இல்லை என்பதைக் கண்டு, 12இலிருந்து 5ஐக் கழித்து 7ஐ மீட்கும்.

இனி, இவ்விரு காவலரையும் ஒரே களஞ்சியத்தில் வைத்தால் என்ன நேரும்? புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவை நேயர்கள் அறிவர். அரிசியும் பருப்பும் வெங்காயமும் மூடை மூடையாக வந்திறங்கும் தெரு அது. அங்கே ஒரு மொத்த வியாபாரியின் கிட்டங்கியைக் கற்பனை செய்க. கிட்டங்கிக்குள்ளே மூடைகளை அடுக்குபவர் ஒரு காவலாளர். வெளியே மேசையிலே பேரேட்டுடன் இருப்பவர் கணக்கப்பிள்ளை. ஒவ்வொரு மூடையின் நிறையையும் முத்திரையையும் கணக்கப்பிள்ளை தம் ஏட்டில் எழுதிவைத்துள்ளார். காவலாளரோ கதவைப் பூட்டிச் சாவியைத் தம் இடுப்பிற் செருகிக்கொண்டு, எவரையும் உள்ளே விடுவதில்லை. மூடை வேண்டுமென்றால் அவரே உள்ளே சென்று எடுத்து வருவார்.

ஒருநாள் அவர் கொண்டுவந்த மூடை ஏட்டோடு ஒவ்வவில்லை. இது கெட்டது, வேறொன்று தாரும் என்கின்றார் கணக்கப்பிள்ளை. வேறு எதுவும் இல்லை, இருப்பது இதுவே என்கின்றார் காவலாளர். உண்மையில் உள்ளே வேறொரு மூலையில் அதனை ஈடுசெய்யும் பொருள் இருக்கின்றது. ஆனால் காவலாளர் தாம் கொடுத்தது கெட்டது என்பதை அறியார். அவரிடம் ஏடு இல்லை. கணக்கப்பிள்ளை உள்ளே மாற்று இருப்பதை அறியார்; அவரிடம் சாவி இல்லை. அறிந்தவருக்கு அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவருக்கு அறிவு இல்லை. வாங்க வந்தவர் வெறுங்கையோடு திரும்புகின்றார்.

அட்டைக்கு மேலே இசட்.எப்.எஸ். முறைமையை வைத்தாலும் இதுவே நிகழும். அட்டை ஆறு தட்டுகளையும் ஒன்றாக்கி, ஒரே பெருந்தட்டு என்று காட்டுகின்றது. கோப்பு முறைமை பிழையைக் கண்டுபிடிக்கும். இந்தக் கோப்பு கெட்டது என்று பெயர் சொல்லி அறிவிக்கும். ஆனால் திருத்த முடியாது. அந்தத் தட்டை விலக்கி மற்றவற்றிலிருந்து கணித்துத் தா என்று அட்டையைக் கேட்பதற்கு அவ்விரண்டுக்கும் இடையே வழங்கும் மொழியிற் சொல் இல்லை. மருந்து வீட்டுக்குள்ளே இருக்க, நோயாளி வாசலில் இறக்கும் கதை இது. கோப்பு முறைமை தன் சொந்தப் பதிவேடுகளை மட்டும் ஒரே தட்டிலும் இரண்டு மூன்று பிரதிகளாக வைத்துக்கொள்ளுமாகையால் அவற்றைத் தானே திருத்திக்கொள்ளும். ஆனால் அத்தையார் கையெழுத்தில் எழுதிய கடிதத்தின் படத்துக்கு அப்பாதுகாப்பு இல்லை.

இரண்டாவது தொல்லை மின்சாரத்தைப் பற்றியது. அட்டைகள் பலவற்றிலே ஒரு சிறு நினைவகம் உண்டு. எழுதவேண்டியதை அதிலே வாங்கி வைத்துக்கொண்டு, எழுதியாயிற்று என்று அட்டை கணினிக்கு உடனே விடை கூறும். தட்டிலே பின்னர் ஆறுதலாக எழுதும். வேகம் இதனாலே கிடைக்கின்றது. திடீரென மின் நின்றாற் பொருள் அழியாதிருக்கும்படி, அந்நினைவகத்துக்கு ஒரு மின்கலம் பொருத்தப்படும். மின்கலம் நல்ல நிலையில் இருக்கும்வரை கவலை இல்லை. ஆனால் மின்கலமும் மூப்படையும். இத்தீவிலே மின்சாரம் எவ்வளவு உறுதியானது என்பதை எவருக்கும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. 2022 மார்ச்சு மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேரம்வரை மின்வெட்டு நிகழ்ந்தது. 2025 பெப்ரவரி 9ஆம் நாள், ஒரு ஞாயிற்றுக்கிழமை, பாணந்துறை உபமின் நிலையத்திலே ஒரு குரங்கு புகுந்தமையால் நாடு முழுவதும் மின்னிழந்தது என்று அமைச்சரே கூறினார். மின்கலம் மூப்படைந்த அட்டையொன்று அவ்வேளை எழுதியாயிற்று என்று பொய்விடை கூறியிருந்தால், அதன் கையில் இருந்தவை அனைத்தும் அழிந்தொழியும்.

இசட்.எப்.எஸ். முறைமை மின்தடைக்கு அஞ்சாதபடி வகுக்கப்பட்டதாகும். இருக்கும் எழுத்தின்மேல் அது எழுதுவதில்லை. புதியதை வேறிடத்தில் எழுதி, எல்லாம் தட்டில் இறங்கிய பின்னரே உச்சிப் பதிவை மாற்றும். நடுவில் மின் நின்றால் பழைய நிலை முழுமையாக நிற்கும். ஆனால் இவ்வொழுங்கு, எழுதியாயிற்று என்று கீழிருந்து வரும் சொல் உண்மையாயிருக்கும் என்ற நம்பிக்கையின்மேல் நிற்பது. இடையில் உள்ள அட்டை அச்சொல்லைப் பொய்யாக்கினால், அல்லது எழுதும் வரிசையை மாற்றிவிட்டு நடுவிலே நின்றுபோனால், அடித்தளமே ஆட்டம் காணும். அவ்வேளையில் ஒரு கோப்பு அன்று, முழுச் சேமிப்பும் திறவாது போதல் கூடும்.

மூன்றாவது தொல்லை நோயை மறைத்தல். இன்றைய வன்தட்டு ஒவ்வொன்றும் தன் உடல்நிலையைத் தானே குறித்துக்கொள்கின்றது. எத்தனை இடங்கள் பழுதுபட்டன, வெப்பம் எவ்வளவு, எத்தனை மணிநேரம் ஓடியது என்பவற்றை அது கேட்டாற் சொல்லும். அட்டை நடுவில் நின்றால் அச்செய்தி பெரும்பாலும் நேரே வருவதில்லை; அட்டை செய்தவரின் தனிக்கருவியைக் கொண்டே கேட்கவேண்டும். உப்புக்காற்றும் ஈரமும் ஓயாத வெள்ளவத்தை வீடொன்றில் தட்டின் உடல்நிலையை அறியாதிருத்தல் நல்லதன்று.

நான்காவது தொல்லை அட்டையின் மரணம். அட்டை தான் ஆளும் தட்டுகளிலே தனக்கே உரிய முறையிற் குறிப்புகளை எழுதி வைக்கின்றது. பத்தாண்டு கழித்து அட்டை எரிந்துபோனால், பெரும்பாலும் அதே இனத்து அட்டை ஒன்று வேண்டும். பம்பலப்பிட்டி யுனிற்றி பிளாசாவின் கணினிக் கடைகளிலே அன்று அது கிடைக்கும் என்பதற்கு யார் உறுதி கூறுவார்? தட்டுகள் ஆறும் உயிரோடிருக்கும். அவற்றைப் படிக்கும் மொழியோ இறந்திருக்கும். ஏட்டுச்சுவடி கையில் இருந்தும் அதன் எழுத்தை வாசிப்பார் இல்லாத நிலை இது. இசட்.எப்.எஸ். தானே ஆளும் தட்டுகளையோ, எந்தக் கணினியிலும் எந்த வரிசையிலும் பொருத்தி மீண்டும் திறக்கலாம். அதன் மூலநிரலும் உலகறியக் கிடக்கின்றது.

அட்டையின் பக்கத்திலும் நியாயம் உண்டு. அதனைக் கூறாதுவிடுதல் நடுவுநிலையாகாது. வேறு கோப்பு முறைமைகளை நெடுங்காலமாகப் பயன்படுத்தும் அலுவலகங்களிலே, நல்ல மின்கலமும் தேர்ந்த பராமரிப்பும் உள்ளபோது, அட்டை தன் கடமையைச் செவ்வனே செய்து வருகின்றது. வங்கிகளிலும் பெருநிறுவனங்களிலும் சேமிப்பு முழுவதும் தொலைவிலுள்ள ஒரு பெருங்கருவியில் இருக்கும், அங்கே இசட்.எப்.எஸ். அக்கருவியின்மேல் அமர்ந்திருக்க நேரும். அதனால் நாளையே அழிவு வந்துவிடும் என்று அச்சுறுத்துதல் தவறு. அவ்வாறு நேர்ந்தவிடத்தும் பிழையைக் கண்டறியும் ஆற்றலாவது கிடைக்கின்றது. அட்டையை விலக்கவே முடியாதவர், ஒரே பெருந்தட்டாகக் காட்டாமல் இரண்டு தனித்தனிப் பகுதிகளாகக் காட்டச் செய்து, அவற்றை இசட்.எப்.எஸ். மூலம் ஒன்றுக்கொன்று பிரதியாக வைத்துக்கொள்ளலாம். இடம் பாதியாகும், ஆனால் திருத்தும் ஆற்றல் மீண்டு வரும்.

புதிதாகத் தொடங்குவோர் செய்யவேண்டியது எளிது. கொட்டாஞ்சேனையிலே ஓர் அச்சகத்தார் தம் தந்தையார் காலத்திலிருந்து அச்சிட்டவற்றை எல்லாம் சேமிக்க விரும்புகின்றார் என்று கொள்க. அவரிடம் 8 ரெறாபைற் அளவுடைய தட்டுகள் ஆறும், பழைய கட்டுப்பாட்டு அட்டை ஒன்றும் உள்ளன. அவ்வட்டையை எறியவேண்டியதில்லை. தட்டுகளை ஒன்றுசேர்க்கும் வேலையை விட்டு, ஒவ்வொரு தட்டையும் அப்படியே கணினிக்குக் காட்டும் வெறும் இணைப்பாக அதனை மாற்ற இயலுமா என்று முதலிற் பார்க்கவேண்டும். எல்.எஸ்.ஐ. என்னும் பெயரோடு வந்த அட்டைகள் சிலவற்றில், உள்ளே பதிந்துள்ள மென்பொருளை மாற்றி எழுதுவதால் இது கைகூடும். வேறு சிலவற்றில் அமைப்பு முறையில் ஒரு தெரிவை மாற்றினாற் போதும். இரண்டும் இயலாத அட்டையும் உண்டு. அவ்வாறாயின் கணினியின் தாய்ப்பலகையிலுள்ள இணைப்புகளையோ, மலிவான இணைப்பு அட்டை ஒன்றையோ பயன்படுத்தலாம்.

ஒவ்வொரு தட்டையும் தனித்தனி ஒருதட்டு அணியாக அட்டையிற் பதிந்து, ஆறும் தெரிகின்றனவே என்று அமைதி அடைவோரும் உளர். அது அரைவழியே. பிரதிகள் கோப்பு முறைமையின் கைக்கு வந்துவிடுவது உண்மை. ஆனால் அட்டையின் நினைவகமும் அதன் தனிக்குறிப்பும் நோய் மறைத்தலும் அப்படியே நிற்கும்.

ஆறு தட்டுகளும் நேரே தெரிந்த பின், அவற்றுள் எவை இரண்டு இறந்தாலும் பொருள் அழியாத வகையில் அமைத்தால், 48 ரெறாபைற்றில் ஏறத்தாழ 32 ரெறாபைற் இடம் பயனுக்குக் கிடைக்கும். இறந்த தட்டுக்குப் பதிலாகப் புதியது வைக்கும்போது, இசட்.எப்.எஸ். எழுதப்பட்ட இடங்களை மட்டும் நிரப்பும். எது எழுத்து, எது வெற்றிடம் என்பதை அறியாத அட்டையோ தட்டு முழுவதையும் நிரப்பவேண்டும். பின்னர் மாதம் ஒருமுறை முழுச்சோதனை நடத்துதல் வேண்டும். அச்சோதனையில் எழுதப்பட்டவை அனைத்தும் படிக்கப்பட்டு ஏட்டோடு ஒப்பிடப்படும். எவரும் திறவாத கோப்பிலுள்ள கேடும் அப்போது வெளிப்பட்டுத் திருத்தப்படும்.

ஆயினும் இவற்றாலெல்லாம் முழுக்காவல் கிடைத்துவிட்டது என்று எண்ணற்க. களஞ்சியத்துக்கே தீப் பிடித்தால் காவலாளரும் கணக்கப்பிள்ளையும் என் செய்வர்? வெள்ளமும் களவும் மின்னலும் தட்டுகள் ஆறையும் ஒருங்கே கொண்டுபோகும். வீட்டுக்காரர் தவறுதலாக அழித்தாலும் முறைமை பணிவோடு அழித்துவிடும். ஆகவே ஒரு பிரதி வேறு ஊரில் இருத்தல் வேண்டும். வெள்ளவத்தையில் உள்ளதற்கு யாழ்ப்பாணத்தில் ஒன்றும், கடல் கடந்து ஒன்றும் இருப்பின் நன்று. இசட்.எப்.எஸ். தன் நிலையை ஒரு கணத்தில் உறையவைத்து, முன்னைய நாளுக்குப் பின் மாறியவற்றை மட்டும் தொலைவிலுள்ள இன்னொரு கணினிக்கு அனுப்பும் வசதியும் உடையது. 1981இல் எரிந்த நூலகத்திலிருந்து கற்கவேண்டிய பாடம் இதுவே. ஒரேயொரு பிரதி உடைய ஏடு எவ்வளவு அரியதோ அவ்வளவு நிலையற்றது.

இப்பொருளிலிருந்து பெறப்படும் உண்மை கணினிக்கு மட்டும் உரியதன்று. 1984ஆம் ஆண்டில் சோல்ற்சர், றீட், கிளார்க் என்னும் அறிஞர் மூவர் ஒரு கட்டுரையில் இதனையே பொது விதியாக வகுத்தனர். ஒரு செய்தி பல கைகளினூடாகச் செல்லும்போது, அது முழுமையாகச் சென்றதா என்பதை இரு முனைகளில் உள்ளவர்களே உறுதி செய்ய முடியும். நடுவில் உள்ளவர் எவ்வளவு கவனமாயிருப்பினும் அவ்வுறுதியைத் தம் தலையில் ஏற்றுக்கொள்ள முடியாது என்பது அதன் சாரம். நடுவில் நிற்பவருக்கு உதவி செய்யும் இடம் உண்டு. மறைக்கும் உரிமை இல்லை.

காவலரின் எண்ணிக்கையைக் கூட்டுவதால் மட்டும் களஞ்சியம் காப்பாற்றப்படுவதில்லை. ஏட்டை வைத்திருப்பவரிடம் சாவியையும் கொடுக்கவேண்டும். மற்றவர் மூடையைச் சுமந்து வந்தாற் போதும். உள்ளே இருப்பதை மறைத்து நிற்கலாகாது. அட்டை வாங்குவதற்கு ஒதுக்கிய பணத்திலே இன்னும் ஒரு தட்டு வாங்கி, வேறோர் ஊரிலுள்ள உறவினர் வீட்டில் ஒரு பிரதி வைப்பவர், பாட்டனாரின் கையெழுத்தைப் பேரப்பிள்ளைகள் காணச் செய்தவராவார்.